ஒரு சால்வையின் கணக்கு

ஏறத்தாழ 860 மீட்டர் நூல். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த நூலை இரண்டு ஊசிகளின் உதவியால் எழுபத்திரண்டாயிரம் சிறு வளையங்களாக மாற்ற வேண்டும். எந்திரம் கிடையாது. இரண்டு கைகள் மட்டுமே. இதற்கு எவ்வளவு காலம் ஆகும்?

இந்தக் கேள்விக்கு என் வீட்டில் இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, "முடியவே முடியாது." மற்றொன்று, "எட்டு வாரம்." வேலை ஒன்றுதான், கைகளும் அவைதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இடையில் மாறியது எங்கள் வீட்டு இரவு நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்ட பெளதிகத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அலமாரியில் உறங்கிய சால்வை

எனக்குப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்தவர் என் அத்தை. மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, புது மண்டபத்துக் கடை ஒன்றில் ஒரு ஜோடி 8-ம் நம்பர் ஊசியும் (அதாவது 4 மி.மீ. தடிமன்) ஒரு பந்து கம்பளி நூலும் வாங்கித் தந்தார். "மதுரை வெயிலுக்குக் கம்பளி எதுக்கு அத்தை?" என்று கேட்டேன். "கை பழகட்டும்த்தா, குளிர் தானா வரும்" என்றார்.

ஓய்வு பெற்றபின் அத்தை தம் மகனோடு கொடைக்கானலுக்குக் குடிபோய்விட்டார். இப்போது அவருக்கு 78 வயது. விரல் மூட்டுகளில் வாதம். ஊசி பிடிக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரைப் பார்க்கப் போனபோது, "நான் எத்தனையோ பேருக்குப் பின்னிக் கொடுத்திருக்கேன். எனக்குப் பின்னிக் கொடுக்கத்தான் ஆளில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் பின்னித் தருகிறேன் அத்தை" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நூல் வாங்கினேன். தொடங்கினேன். பிறகு கல்லூரி, விடைத்தாள் திருத்தம், வீட்டு வேலை. மாலையில் சற்று ஓய்ந்தால் கூடத்தில் தொலைக்காட்சி. அது அலுத்தால் கையில் செல்போன். சால்வை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து அதை எடுத்து அளந்தேன். நீளம் 36 செ.மீ.! ஒவ்வொரு முறை தொலைபேசும்போதும் அத்தை, "சால்வை எந்த மட்டுல இருக்குத்தா?" என்று கேட்பார். சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் பேசியபோது அவர் அதைக் கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மலைப்பாகத் தோன்றும் எந்த வேலையையும் முதலில் எண்ணாக மாற்ற வேண்டும். இது பெளதிகம் படிப்போரின் பழக்கம்.

சால்வையின் அகலம் 60 செ.மீ. நீளம் 150 செ.மீ. என் பின்னலில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணிகள் வருகின்றன. (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறோம்.) ஆகவே ஒரு வரிசையில் 120 கண்ணிகள். நீளவாக்கில் 1 செ.மீ.க்கு 4 வரிசைகள். 150 செ.மீ.க்கு 600 வரிசைகள். மொத்தக் கண்ணிகள் 120 × 600 = 72,000.

நூலின் நீளம்? ஒரு வரிசையைப் பிரித்து அளந்தேன். 144 செ.மீ. இருந்தது. அப்படியானால் ஒரு கண்ணிக்கு 1.2 செ.மீ. 600 வரிசைக்கு 864 மீட்டர். தொடக்கத்தில் சொன்ன எண் இப்படித்தான் வந்தது.

இனி வேகம். கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் நிமிடத்துக்கு சுமார் 25 கண்ணிகள் பின்ன முடிந்தது. திருப்பிப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வரிசைக்கு 5 நிமிடம். ஒரு மணி நேரத்தில் 12 வரிசை. அதாவது 3 செ.மீ.

ஏற்கெனவே முடிந்தது 36 செ.மீ., 144 வரிசைகள். மீதி 456 வரிசைகள். 456-ஐ 12-ஆல் வகுத்தால் 38 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி வீதம் 38 நாள்கள்!

மூன்று ஆண்டுகளில் 144 வரிசை என்றால் வாரத்துக்கு ஒரு வரிசைகூட இல்லை. அந்த வேகத்தில் மீதியை முடிக்க இன்னும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தைக்கு 87 வயதாகிவிடும். அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வீட்டில் எல்லோரும் படித்தார்கள்.

ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கும்?

அன்று வரை எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். பிறகு அவரவர் செல்போனோடு அவரவர் மூலைக்குப் போவோம். தூங்கப் பதினொன்றரை ஆகும்.

புதிய ஏற்பாடு இதுதான். எட்டு மணிக்குச் சாப்பாடு. எட்டரைக்குத் தொலைக்காட்சி நிற்கும். நான்கு செல்போன்களும் பிரம்புக் கூடைக்குள் போகும். காலையில்தான் வெளியே வரும். எட்டரை முதல் ஒன்பதரை வரை நான் பின்னுவேன். மகள் பதினோராம் வகுப்புப் பாடம் படிப்பாள். ஒன்பதாம் வகுப்பு மகன் வரிசை எண்ணும் பொறுப்பை ஏற்றான். என் கணவர் செய்தித்தாளில் விட்டுப்போன பகுதிகளை வாசித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

மகன் கிரிக்கெட் போட்டிகளுக்காக வாதாடினான். முக்கியமான போட்டிகளுக்கு மட்டும் விலக்கு என்று உடன்பாடு ஆயிற்று. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் கூடைக்குள் கை விட்டவர் அவனல்ல, நான்தான். இரண்டு முறை!

ஒரு சிறு மாற்றம் மிகவும் உதவியது. சால்வையை அலமாரியிலிருந்து எடுத்து, நான் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். தரையில் கிடக்கும் கனமான பெட்டியைத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். நகரத் தொடங்கும்வரைதான் அதிக விசை வேண்டும். நகர ஆரம்பித்தபின் குறைந்த விசையே போதும். ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். மனிதனின் பழக்கம் உராய்வு அல்லதான். இது உவமை மட்டுமே. ஆனால் அலமாரியைத் திறந்து, பையைத் தேடி, எங்கே விட்டோம் என்று பார்க்கும் தொல்லை நீங்கியதும் தொடங்குவது எளிதாயிற்று.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வை 2010-ல் வெளியிட்டனர். தண்ணீர் குடிப்பது, ஓடுவது போன்ற ஏதாவது ஒரு புதுச் செயலை ஒவ்வொருவரும் தினமும் செய்தார்கள். அது தானாக வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் பெரிய வேறுபாடு. 18 நாள் முதல் 254 நாள் வரை கணக்கிட்டார்கள். நமக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் பழக்கம் பெரிதாகக் கெட்டுவிடவில்லை.

விளக்கை நகர்த்தினோம்

இரண்டாம் நாளே ஒரு சிக்கல். கூடத்து விளக்கின் கீழ் கண்ணிகள் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறேன். வயது ஏற ஏறக் கண்ணின் லென்சு விறைத்துப்போகிறது. கிட்டத்தில் உள்ள பொருளுக்கு ஏற்பத் தன் வளைவைக் கூட்டிக்கொள்ள அதனால் முடிவதில்லை. அதுதான் வெள்ளெழுத்து. அத்தோடு, பாவை சுருங்குவதாலும் லென்சு மஞ்சளிப்பதாலும் விழித்திரைக்குச் சேரும் ஒளியும் குறைகிறது. உங்கள் தாத்தா பாட்டி "விளக்கைப் போடு, விளக்கைப் போடு" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்குப் போதாது.

பெரிய பல்பு வாங்கலாமா? தேவையில்லை என்றாள் மகள். கூடத்துப் பல்பு என் கையிலிருந்து 2.4 மீட்டர் தூரத்தில் இருந்தது. அதே திறனுள்ள பல்பை மேசை விளக்கில் மாட்டி 60 செ.மீ. தூரத்தில் வைத்தோம். தூரம் நான்கில் ஒரு பங்காகியது. எதிர் இருமடி விதிப்படி ஒளிச்செறிவு 4 × 4 = 16 மடங்காகும். விளக்கின் மூடியும் சுவர்களின் எதிரொளிப்பும் இந்தக் கணக்கைச் சற்று மாற்றும். ஆனாலும் ஒரு ரூபாய் மின்சாரம்கூட அதிகமாகச் செலவழிக்காமல் கண்ணிகள் பளிச்சென்று தெரிந்தன.

விளக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தை உணர்ந்து "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்லும் தனிவகைச் செல்களும் இருப்பதை 2002-ல் விஞ்ஞானிகள் நிறுவினர். அவை நீல ஒளிக்கு, சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, மிகுந்த உணர்வு உடையவை. அவை தூண்டப்பட்டால் உறக்க வேளையை உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் சுரப்பு குறைகிறது. அமெரிக்காவில் 12 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வில், படுக்கப்போகுமுன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் வர, அச்சுப் புத்தகம் படித்த நாள்களைவிடச் சுமார் 10 நிமிடம் அதிகமாயிற்று. அதனால் மேசை விளக்குக்கு மஞ்சள் நிறப் பல்பையே தேர்ந்தெடுத்தோம். மூடியைச் சாய்த்து, ஒளி கையில் விழும்படியும் கண்ணில் விழாதபடியும் வைத்தோம். இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் பத்தரைக்குள் தூங்கிவிடுகிறோம். விளக்கால்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். சாப்பாட்டு நேரமும் மாறியதல்லவா? ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது. இதை நினைவில் வையுங்கள்.

கண்ணிக்குள் ஒரு பெளதிகம்

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. ஒரு பழைய பனியனையும் ஒரு பழைய வேட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பருத்தி நூல்தான். பனியனை அகலவாக்கில் இழுங்கள். நன்றாக நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. வேட்டியை நூல் ஓடும் திசையில் இழுங்கள். அசையவே இல்லை. நூல் ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வேறுபாடு?

ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வேட்டியில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாக, ஏறக்குறைய நேர்கோடாக ஓடுகின்றன. நேராக இருக்கும் நூலை இழுத்தால் நூலேதான் நீள வேண்டும். பருத்தி நூல் அதிகம் நீளாது. பனியனில் நேர்கோடே கிடையாது. நூல் முழுதும் வளையம் வளையமாக ஓடுகிறது. ஒவ்வொரு வளையமும் தனக்குக் கீழே உள்ள வளையத்துக்குள் நுழைந்து வருகிறது. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளையம் வடிவம் மாறுகிறது. உயரமான வளையம் அகலமான வளையமாகிறது. நூலை வளைக்க ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் நூலில் தங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. வேட்டியைக் கோணவாக்கில், மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள். சிறிது நீள்கிறது. சதுரங்கள் சாய்சதுரங்களாவதால்தான்.

கையால் செய்த இந்த வேலையைச் செய்ய 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் ஒரு எந்திரம் அமைத்தார். நம் திருப்பூரில் பனியன் துணி பின்னும் எந்திரங்கள் அந்த வழியில் வந்தவையே. ஆனால் பின்னலின் பெளதிகம் இன்னும் முடிந்துவிடவில்லை. 2018-ல் பாரிஸைச் சேர்ந்த பெளதிக அறிஞர்கள் நூலின் நீளம் மாறாது, வளைவின் ஆற்றல் மட்டுமே மாறும் என்ற அடிப்படையில் ஒரு பின்னல் துணி எப்படி நீளும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு, கண்ணியின் வகையை மாற்றியே துணியின் விறைப்பை எப்படி மாற்றலாம் என்று 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பாட்டிமார் கைக்குத் தெரிந்ததை நாம் இப்போதுதான் சமன்பாட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணிகளின் இந்தப் பிணைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு கண்ணியையும் தாங்குவது அதற்கு மேலே உள்ள கண்ணி. ஒன்று ஊசியிலிருந்து நழுவினால் அதற்குக் கீழே உள்ளதும், அதற்குக் கீழே உள்ளதும் வரிசையாக அவிழும். துணியில் ஏணி போல ஒரு கோடு விழும். நைலான் காலுறையில் இது மளமளவென்று ஓடும். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்செதில்கள் இருப்பதால் உராய்வு அதிகம்; ஏணி மெதுவாகவே இறங்கும்.

ஐந்தாவது வாரத்தில் எனக்கு அது நேர்ந்தது. அன்று நான்காவது நாளாகப் பரீட்சை வேலை, அசதி. பின்னிக்கொண்டே போனவள் மறுநாள்தான் பார்த்தேன். இருபது வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருந்தது. குரோஷா ஊசியால் ஏற்ற முயன்றேன், சரிவரவில்லை. இருபது வரிசையையும் பிரித்தேன். 2,400 கண்ணிகள், 28.8 மீட்டர் நூல், சுமார் ஒன்றே முக்கால் மணி நேர உழைப்பு. மகன் தன் நோட்டில் 20-ஐக் கழித்துவிட்டு, "கழித்தாலும் எழுதத்தானே வேண்டும்?" என்றான். ஆய்வுக்கூடத்துக்குத் தகுந்த மாணவன்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

கணக்கும் உண்மையும்

அந்த நோட்டில் உள்ளது இதுதான்:

முதல் வாரம் 38 வரிசை
இரண்டாம் வாரம் 52
மூன்றாம் வாரம் 66
நான்காம் வாரம் 60
ஐந்தாம் வாரம் 46 (பின்னியது 66, பிரித்தது 20)
ஆறாம் வாரம் 70
ஏழாம் வாரம் 72
எட்டாம் வாரம் 52
மொத்தம் 456

நான் போட்ட கணக்கு 38 நாள். உண்மையில் ஆனது எட்டு வாரம், ஞாயிறு நீங்கலாக 48 நாள். நாளுக்கு 12 வரிசை என்றது என் உயர்ந்தபட்ச வேகம். விருந்தினர் வந்த நாள், மின்சாரம் போன நாள், கிரிக்கெட் நாள், பிரித்த நாள் எல்லாம் சேர்ந்த சராசரி வேகம் 9.5 வரிசைதான். மதுரையிலிருந்து வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்பதால், 120 கி.மீ. தூரத்திலுள்ள கொடைக்கானலுக்கு இரண்டே மணியில் போய்விட முடியாது. மலைப்பாதை இருக்கிறது, காப்பிக்கு நிறுத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் படிப்புக்குத் திட்டம் போடும்போதும் உங்கள் உயர்ந்தபட்ச வேகத்தை வைத்துப் போடாதீர்கள். சராசரி வேகத்தை வைத்துப் போடுங்கள். அதை அறிய ஒரே வழி, சில வாரம் நோட்டில் எழுதிப் பார்ப்பதுதான்.

வரைபடத்தாளில் வாரத்தை x அச்சிலும் மொத்த வரிசையை y அச்சிலும் குறித்தால், ஏறிச் செல்லும் ஒரு கோடு கிடைக்கும். அதன் சாய்வுதான் வேகம். முதல் வாரத்தில் சாய்வு குறைவு, கை பழகவில்லை. ஐந்தாம் வாரத்தில் கோடு சற்றுப் படுத்துவிடுகிறது. ஆனால் எந்த வாரத்திலும் அது நின்றுபோகவில்லை.

கடைசியில் ஒரு நீராட்டு

ஊசியிலிருந்து இறக்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. புதிதாகப் பின்னிய சால்வை ஓரங்கள் கோணலாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல், ஒரு துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்தேன். பிறகு பாயில் விரித்து, ஓரங்களை இழுத்து நேராக்கி, குண்டூசி குத்தி நிழலில் உலர்த்தினேன். மறுநாள் அது அளவெடுத்தது போல நேராக நின்றது.

காரணம் என்ன? கம்பளி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் அதுவே. புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. நனையும்போது நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து அவற்றில் பலவற்றை விடுவிக்கின்றன. உலரும்போது, இழை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே பிணைப்புகள் மீண்டும் உண்டாகின்றன. ஈரத் தலையை வாரினால் முடி படிவதும் இதனால்தான். வெந்நீரில் போட்டு கசக்கினால் மட்டும் நுண்செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, சால்வை சுருங்கித் தடித்துவிடும். அதை மீட்க வழியில்லை.

கம்பளி சூடு தருகிறதா?

நவம்பரில் ஒரு காலை நேரம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வைகைச் சமவெளியில் வயல்கள். இடையிடையே செம்மறி ஆட்டு மந்தைகள். ஆனால் அந்த ஆடுகளிடம் கம்பளி கிடையாது! கீழக்கரிசல் போன்ற நம் சமவெளி ஆட்டினங்களின் உடலில் இருப்பது வெறும் முடிதான். இந்த வெயிலில் அவற்றுக்குக் கம்பளி தேவையில்லை. கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகளைக் காண வேண்டுமானால், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் 1965 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்துக்குப் போக வேண்டும்.

மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஏறியது 2 கிலோமீட்டர்; ஆகவே 13 டிகிரி குறைவு. மதுரையில் 28 டிகிரியில் புறப்பட்டால் அங்கே 15 டிகிரி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே போகும்.

இந்தக் குளிரில் சால்வை "சூடு தருகிறது" என்கிறோம். உண்மையில் சால்வை எதையும் சூடாக்குவதில்லை. நம்பாவிட்டால் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளைத் தனித்தனி பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஒன்றை மட்டும் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகும்? வெளியே இருப்பதுதான்! கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை; வெப்பம் போவதையும் வருவதையும் தாமதப்படுத்துகிறது. உடம்பு சூடாக இருந்தால் சூட்டைக் காக்கும். ஐஸ் குளிர்ந்திருந்தால் குளிரைக் காக்கும். ஐஸ் கடைக்காரர் பாளங்களை மரத்தூளிலும் சாக்கிலும் மூடிவைப்பதும் இதே தத்துவம்.

தாமதப்படுத்துவது கம்பளி இழைகூட அல்ல. அதில் சிறைப்பட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். நீர் அதைப்போல் சுமார் 24 மடங்கு கடத்தும். கம்பளி இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிப் படிவதில்லை; இடையில் எண்ணற்ற சிறு இடைவெளிகள். அவற்றுள் உள்ள காற்று நகர முடியாததால் வெப்பச்சலனமும் நடப்பதில்லை. மேலும் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை, ஈரமாகத் தோன்றாமலே, இழைக்குள் ஏற்கும். பனிமூட்டம் சூழும் மலைக்கு இதைவிட ஏற்றது வேறில்லை.

அத்தை சொன்னது

சால்வையைப் பிரித்து அத்தையின் தோளில் போர்த்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடங்கிய விரல்களால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்த இடத்துல கை தடுமாறியிருக்கேத்தா?"

"ஐந்தாவது வாரம் அத்தை. பிரிச்சுப் பின்னினேன்" என்றேன். குனிந்து பார்த்தேன். மீண்டும் பின்னும்போது ஒரு கண்ணியை முறுக்கிப் போட்டிருக்கிறேன். எட்டு வாரம் பார்த்தும் என் கண்ணில் படாதது அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. "பிரிச்சுப் பின்னினியா? அப்ப சரி" என்று சால்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் எட்டரை மணி இன்னும் தொடர்கிறது. இப்போது மகன் தனக்கு ஒரு கழுத்துத் துணி பின்னுகிறான். வரிசை எண்ணுவது நான்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாதியில் நின்ற ஏதாவது ஒன்று இருக்கும். செய்முறை நோட்டாக இருக்கலாம். தாத்தாவிடம் கேட்டு எழுதத் தொடங்கிய குடும்ப வரலாறாக இருக்கலாம். இன்று இரவு அதை எடுத்து அளந்து பாருங்கள். மொத்தம் எவ்வளவு, முடிந்தது எவ்வளவு, ஒரு மணியில் எவ்வளவு முடியும் என்று எழுதுங்கள். பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். ஒன்றும் செய்யாத நாளுக்குச் சுழியம் போட மறக்காதீர்கள். பிரித்ததையும் கழித்து எழுதுங்கள். அந்தக் கோடு எப்படிப் போகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.